பெட்டியில் இல்லாத அட்டைகள்

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில், கிடங்கு உதிரிபாகங்களைப் பட்டியல் போடும் புரோகிராம் ஒன்றை நிறுவ எங்கள் சென்னைக் கம்பெனி என்னை அனுப்பியது. எழுபதுகளின் பிற்பகுதி அது. அப்போது புரோகிராம் என்றால் துளையிட்ட அட்டைகள்தான். இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய அடுக்கி, ரயிலில் பக்கத்தை விட்டு நகராமல் கொண்டுபோனேன்.

எல்லா அட்டைகளும் நாங்கள் எழுதியவை அல்ல. பட்டியலை எண் வரிசைப்படி அடுக்கும் பகுதி என் நண்பன் எழுதியது. சென்னையில் ஒன்றாகப் பயிற்சி பெற்றோம். பிறகு அவன் பெங்களூரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். நான் கேட்டேன் என்பதற்காக ஓய்வு நேரத்தில் எழுதி அனுப்பினான். ஆனால் வந்தது இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய வடிவம். அவன் கைப்பட எழுதித் துளையிட்ட மூல அட்டைகள் அவனிடமே இருந்தன. எங்கள் கம்ப்யூட்டரில் அது பிசகில்லாமல் ஓடியதால் மூலத்தைக் கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

தூத்துக்குடிக் கம்ப்யூட்டர் வேறு மாடல். எங்கள் பகுதிகளுக்கெல்லாம் மூலம் இருந்தது, அங்கேயே மாற்றிக்கொண்டேன். அவனுடைய பகுதிக்கு வந்ததும், மூலம் இல்லாமல் மாற்ற வழியின்றி வேலை நின்றுவிட்டது. மூல அட்டைகளை உடனே அனுப்பும்படி அவன் கம்பெனி முகவரிக்குத் தந்தி கொடுத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. அவன் நான்கு மாதங்களுக்கு முன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டான், அவனுடைய பொருட்கள் சொந்த ஊரான உடன்குடிக்கு அனுப்பப்பட்டன என்று இரண்டு வரி.

கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் பக்கத்துப் புன்னைக்காயல்காரர். தந்தியை வாங்கிப் படித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டார். "உடன்குடிக்கு பஸ்ஸு இருக்கு சார். அட்டைக்காக இல்லேன்னாலும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க," என்றார்.

நான் அட்டைக்காகத்தான் போனேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

கருப்பட்டி மண்டிக்குப் பின்னால் இருந்தது வீடு. அவன் மனைவி நடைக்கு வந்து நின்றாள். ஊரையும் வேலையையும் சொன்னதும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மெட்ராஸ் கூட்டாளியா? லெட்டர் போட்டேன், பதிலே காணோம்னு அவுக சொல்லிக்கிட்டே கெடந்தாக."

அவன் போட்ட அந்தக் கடிதம் சென்னையில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அட்டைகள் சரியாக ஓடுகின்றனவா என்று கேட்டிருந்தான். வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை அவளே எடுத்துவந்தாள். என்னவென்று தெரியாவிட்டாலும் தூரப்போட மனசு வரவில்லையாம். அவர்களுடைய நாலு வயது மகள் சில அட்டைகளை எடுத்து விளையாடியிருந்தாள். அவற்றில் கிடைத்ததையெல்லாம் தேடிச் சேர்த்துத் தந்துவிட்டு, "வேல முடிஞ்சா திருப்பித் தந்துருங்கண்ணே. அவுக கைபட்டது," என்றாள்.

வரிசை எண்படி அடுக்கிப் பார்த்தபோது பதினோரு அட்டைகள் குறைந்தன. முன்னும் பின்னும் இருந்த வரிகளைப் படித்து, இந்த இடத்தில் அவன் என்ன எழுதியிருப்பான் என்று யோசித்து யோசித்து மூன்று நாளில் அந்தப் பதினொன்றையும் எழுதினேன். உயிரோடு இருந்தபோது அவனைப் பற்றி அத்தனை மணி நேரம் நான் நினைத்ததில்லை. புரோகிராம் ஓடியது. ஆனால் அவன் எழுதியது போல வேகமாக ஓடவில்லை.

அட்டைகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுக்க மறுபடி உடன்குடி போனேன். முதலில் அச்சாகி வந்த பட்டியலில் ஒரு தாளையும் கொண்டுபோனேன். அவள் அதைத் தரையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே போனாள். வால்வு, போல்ட், பேரிங் என்று இங்கிலீஷில் இருந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.

"அவுக பேரு எங்கன இருக்கு?"

இல்லை என்றேன். தாளில் மட்டுமல்ல, பெட்டியோடு நாங்கள் கொடுத்த விவரக் குறிப்பிலும் இல்லை. வெளியாள் எழுதியது என்று தெரிந்தால் வாங்குபவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று எங்கள் மேலாளர் சொன்னார், நானும் சரியென்று விட்டுவிட்டேன். அவளிடம் அதையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "வேலைக்கு ஒதவுச்சுல்லா," என்று மட்டும் கேட்டாள். உதவியது என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே இலை போட்டாள். மறுக்காமல் உட்கார்ந்தேன். குழந்தை எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னை திரும்பியதும், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எந்தப் பகுதி யார் எழுதியது, மூலம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளை ஒட்ட ஆரம்பித்தேன். மேலாளர் இரண்டு முறை கிழிக்கச் சொன்னார். கிழிக்கவில்லை. மூன்றாவது முறை அவர் கேட்கவும் இல்லை. நண்பன் பெயருக்கு நேரே, மூலம் இருக்கும் இடமாக உடன்குடி வீட்டு முகவரியை எழுதினேன்.