நான் கூப்பிட்ட பெயர்

நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லத் தொடங்குகிறேன். பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள் நான். நான் பார்த்த வேலையும் அப்படி. யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, கூட வேறு யார் இருந்தது என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, எல்லாம் ஒத்துவந்தால்தான் ஒரு வரி எழுதுவோம். இப்போது நான் சொல்லப்போவதை வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால், தண்ணீர் கொடுத்து ஓய்வெடுங்கள் என்று அனுப்பியிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில், கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை முற்றியிருந்த நேரம். மெட்ராஸில் ஒரு சின்னக் குழுவில் நான் இருந்தேன். ஒரு வக்கீல், ஒரு டாக்டர், என்னைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர். மனித உரிமை வேலை என்பார்கள், பெரிய பெயர். செய்தது என்னவோ, படகேறிப் போய் மன்னார் பக்கத்துக் கிராமங்களில் உட்கார்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் புருஷனைப் பறிகொடுத்தவர்களும் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான். பெண்கள் ஆண்களிடம் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

என் வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில். கணவர் அந்தோணி, வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் கண்டக்டர். மகள் லில்லிக்கு அப்போது ஐந்து வயது. நான் இல்லாத நாட்களில் அவரின் அண்ணி ரோஸி அக்காதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீடு, ஒரே வாசல்.

இரண்டாவது முறை போனபோது ஒரு பெண்ணைச் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நான் பேனாவை மூடிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிச் சொல்லப்போறதை எழுதாதேங்கோ தங்கச்சி. எழுதினா அது உண்மையாப் போயிடும்."

துப்பாக்கிக்காரர்கள் ஊருக்குள் நுழைந்த அன்று, தன் சின்ன மகளைப் பனையோலை அடுக்கி வைத்திருந்த கொட்டிலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். "உன்ர பேரைச் சொல்லி ஆர் கூப்பிட்டாலும் வெளியில வராத. நான் உனக்கு வச்ச செல்லப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் வா" என்று சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளையைத் தேடி ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"பயத்தில அவளின்ர பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டன். அந்தப் பேர்தான் வாயில வந்தது. என்ர பிள்ளை சொல்லுக் கேக்கிற பிள்ளை. வரேல்ல."

பிறகு கொட்டில் எரிந்தது. தீ அணைந்தபின் சாம்பலைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லையாம். அதனால் இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள் என்று அந்தத் தாய் நம்பினார். அந்தச் செல்லப்பெயரை என் காதோடு காதாகச் சொன்னார். அதை நான் எழுதவில்லை. ஊருக்கு வந்தும் வக்கீலிடம் சொல்லவில்லை, கணவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடமும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பி வந்தபின் நான் நானாக இல்லை. பஸ் டயர் வெடித்தால் தரையில் உட்கார்ந்துவிடுவேன். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்பேன், வாசலைப் பார்த்துக்கொண்டே. தூக்கம் என்பது அறவே போயிற்று. எல்லாவற்றையும்விட மோசம், லில்லி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் எனக்கு உடம்பு விறைத்துவிடும். அவளைத் தூக்கவே பயம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை இரண்டு மூன்று தடவை கையை நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நீட்டுவதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் ரோஸி அக்கா வந்து சலித்துக்கொண்டார். "இன்னாம்மா உன் பொண்ணு, கட்டிலுக்கு அடியில பூந்துக்கினு எவ்ளோ கூப்டாலும் வர மாட்டேன்றா."

நான் குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"லில்லி, வெளிய வாம்மா."

"பேரு சொல்லிக் கூப்டா வரக் கூடாது."

"யார் சொன்னா?"

"அம்மா சொன்னாங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

"நீ இல்ல" என்றாள், சாதாரணமாக.

நானே தூக்கத்தில் உளறியிருப்பேன், குழந்தை கேட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கணவரிடம் கேட்டேன், நான் ராத்திரியில் ஏதாவது பேசுகிறேனா என்று. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீ தூங்கினாதானே ஒளர்றதுக்கு."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டோம். பங்குனி வெயில். லில்லி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், இல்லை. ரோஸி அக்கா வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. ஏரிப் பக்கம் நாலு பேர் ஓடினார்கள். ஒருவர் பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து கிணற்றில் இறக்கித் துழாவ ஆரம்பித்தார். வாளி விழுந்தால் எடுப்பார்களே, அந்தக் கொக்கி. அதை இறக்கி என் பிள்ளையைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு தடவை கயிறு இழுபடும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எத்தனை பேரிடம் இப்படிப்பட்ட நேரத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கூசாமல் கேட்டிருக்கிறேன். இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஏரிக்கரை தாண்டிக் களத்து மேட்டில் ஒரு பெரிய வைக்கோல் போர். அதையும் இரண்டு முறை பார்த்துவிட்டார்கள், கழியால் குத்திக்கூடப் பார்த்தார்கள். ஆனாலும் என் கால் அங்கேயே போயிற்று. கணவர் பின்னால் ஓடி வந்தார். போரின் பக்கத்தில் போனதும் மூக்கில் ஏறியது, ஓலை எரிகிற வாசனை. சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் புகை இல்லை. "ஏதாவது எரியுதா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லியே" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்று. ஆனால் வாய் வரவில்லை. நம்புங்கள், பிள்ளை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்குச் சமமாக இன்னொரு பயம் இருந்தது. அந்தப் பெயர் என்னுடையது அல்ல, என் மகளுடையதும் அல்ல. அதைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

கணவர் "லில்லி! லில்லி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவர் வாயைப் பொத்தினேன். பிறகு, அந்தத் தாய் என் காதில் சொன்ன அதே குரலில், மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

வைக்கோல் அசைந்தது. கழியால் குத்திப் பார்த்த அதே இடம். ஒரு கை வந்தது, பிறகு தலை. லில்லிதான். உடம்பெல்லாம் வேர்த்து, தலைமுடியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு. அழவில்லை. என்னைப் பார்த்து எரிச்சலாகக் கேட்டாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்? எவ்ளோ நேரம்தான் ரெண்டு பேரும் மூச்சு வுடாம இருக்கிறது?"

கணவர் அதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ, அவளை அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே நடக்க ஆரம்பித்தார். நானும் பின்னால் போகத் திரும்பினேன். அப்போது என் முந்தானையை யாரோ பிடித்தார்கள்.

முள்ளில் மாட்டியிருக்கும் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மாட்டியிருந்தால் நடக்கும்போது கிழியும், இல்லையென்றால் விடுபடும். இது கூடவே வந்தது. நான் வேகமாகப் போனால் இழுபட்டது, மெதுவாகப் போனால் தளர்ந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று குழந்தைகள் பிடித்துக்கொண்டு வருமே, அந்தப் பிடி. எனக்கு முன்னால் கணவரின் தோளில் லில்லியின் முகம் தெரிகிறது, இரண்டு கையும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டப்பகல், எதிரே ஊர்க்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நான் திரும்பவில்லை. கழுத்தை அசைக்கக்கூட முடியவில்லை. கணவரோ திடீரென்று ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்துவிட்டார், எனக்காக நிற்கவே இல்லை. எங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் அந்தப் பிடி விட்டது.

அதற்குப் பிறகு நான் படகு ஏறவில்லை. குழுவில் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஓய்வு அப்படியே நிரந்தரமாகிவிட்டது. அந்தத் தாயைப் பற்றி விசாரித்தேன். குடும்பத்தோடு ஏதோ படகில் ஏறினார் என்பது வரைதான் தெரிந்தது. கரை சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. லில்லிக்கு இதெல்லாம் ஒன்றுமே ஞாபகம் இல்லை. அவளைத் தூக்குகிற பயம் எனக்கு மெல்ல மெல்லப் போயிற்று. நானும் வெயிலில் அலைந்து, தூங்காமல் கிடந்து, புத்தி பேதலித்திருந்த நேரத்தில் எதையோ உணர்ந்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். முந்தானை விஷயத்தை மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கணவரிடம்கூட.

அவர் கடைசியாகப் படுத்த படுக்கையில் ஒரு சாயங்காலம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஸ்டெல்லா, ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கி களத்து மேட்டுல இருந்து உன் முந்தானையப் புடிச்சினு வந்துச்சே, அந்தப் பொண்ணு யாரு?"

கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம லில்லி ஒசரம்தான். ஏரிக்கரை திருப்பத்துல நீ வர்றியான்னு ஒரு தபா திரும்பிப் பாத்தேன். கண்ண இறுக்க மூடிக்கினு, நீ கால் வச்ச எடத்துலயே கால் வச்சி வந்துக்கினு இருந்துச்சு. நான் பாத்தேனா, ஒடனே வெரல எடுத்து வாய் மேல வச்சிச்சு. பேசாதன்றா மாதிரி."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கண்ணு மூடித்தான் இருந்துச்சு, ஸ்டெல்லா. நான் பாக்கிறேன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"