மஹ்ரூப் நானாவின் ஆறு ஒன்பதுகள்

அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. நான் கண்டக்குழிச் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "ஐஸ் பெக்டரி மஹ்ரூப் அவர்கள் வபாத்தாகிவிட்டார்கள்" என்று மோதினார் அறிவித்தார். இறந்தவருக்காக இன்னாலில்லாஹி சொல்லி முடித்த கையோடு எனக்குக் கோபம் வந்தது. ஐஸ் பெக்டரி மஹ்ரூபாம். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லையா?

உங்களில் பலர் அவரை ஐஸ் உடைக்கிறவராக, கந்தூரிகளில் எங்கள் றபான் மேளக் குழுவை முன்னின்று நடத்தும் முன்கைக்காரராக, சீனி வருத்தம் என்கிற நீரிழிவோடும் பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போட்டவராக அறிவீர்கள். கட்டை கேமில் அவருக்கு நிகர் இல்லை என்பதை அறிந்தவர்கள் நாலே பேர். அந்த நாலில் வாயாடி நான்தான். ஆகவே சொல்வது என் பொறுப்பு.

யுத்தம் முடிந்த கையோடு, யாரோ சவூதியிலிருந்து கொண்டுவந்த பழைய டீவி கேம் ஒன்று பெக்டரி ஓய்வறைக்கு வந்து சேர்ந்தது. மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் ஒரு வரியை நிரப்பினால் அந்த வரி மறையும். நாங்கள் ஒவ்வொரு வரியாக அழித்துச் சந்தோஷப்பட்டோம். அவரோ வலது ஓரத்தில் ஒரு கட்டை அகலத்துக்குக் கிணறு போல விட்டுவிட்டு, மற்றதெல்லாம் மட்டமாக ஏற்றுவார். நீட்டுக் கட்டை வந்ததும் கிணற்றில் இறக்குவார். ஒரே அடியில் நாலு வரி போகும். ஒரு நாள் நீட்டுக் கட்டை வரவே இல்லை, சுவர் உச்சிக்கு ஏறிவிட்டது. "நானா, கிணத்த மூடுங்க" என்று பதறினேன். "வரும் எண்டும் இரிக்கக் கூடாது, வராது எண்டும் இரிக்கக் கூடாது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மட்டமா வெச்சிரிந்தா எது வந்தாலும் இடம் இரிக்கும்." சொன்னபடியே இரண்டு வரியும் மூன்று வரியுமாக அழித்து அடிமட்டத்துக்கு இறங்கி வந்தார்.

போகப் போக வேகம் ஏறும். இருபத்தொன்பதாம் கட்டத்தில் கட்டை கண்ணில் பட்டதும் தரையில் இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் சுவரோரம் போய்ச் சேராமல் நடுவிலேயே விழும். கேம் செய்தவன் வைத்த மதில் அது, மனிதனால் தாண்ட முடியாது என்றே நாங்கள் நம்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறு தின்ற பிறகு, மஹ்ரூப் நானா கொன்ட்ரோலரை மடியில் சாய்த்து வைத்தார். இடது பெருவிரலைப் பொத்தான்மேல் அழுத்தாமல் சும்மா வைத்தார். வலது கையின் நாலு விரலாலும் கொன்ட்ரோலரின் முதுகில், றபானில் உருட்டி அடிப்பது போல அடித்தார். முதுகில் விழுந்த ஒவ்வொரு தட்டுக்கும் பொத்தான் பெருவிரலில் மோதியது. நாலு விரல், நாலு தட்டு, கட்டை சுவரோரம்! சுண்டுவிரல் பட்டு மோதிரவிரல் எழுமுன் அடுத்த கட்டை, அதற்கடுத்த கட்டை. மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார் மனுசன்.

பல வருடம் கழித்து, எங்கோ வெளிநாட்டுப் பொடியன் ஒருவன் இதே போல அடிக்கும் வீடியோவை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். பார்த்துவிட்டு, "இவன்ட வாப்பாவும் றபான்காரனா?" என்று கேட்டார்.

இந்தக் கேமுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. கணக்குப் பெட்டியில் ஆறு இலக்கம்தான், ஆறும் ஒன்பதாகிவிட்டால் அதற்குமேல் ஏறாது. அதை எட்டியவரின் பெயரையும் ஊரையும் ஒரு பட்டியலில் ஏற்றுவார்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை திரை தெரிகிற வீடியோ வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்ன நாளிலிருந்து அவர் வேறு ஆள் ஆகிவிட்டார். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவருடையது. "எத்தின லிஸ்ட்ல நம்மட பேர் இரிக்கு, சொல்லு" என்றார். "அகதி லிஸ்ட், கூப்பன் லிஸ்ட், வீட்டு லிஸ்ட். எல்லாம் ஆரோ பாவம் பாத்து எழுதினது. இது ஒண்டுலதான் நானே அடிச்சி ஏறணும்."

ஆட்டம் அமைந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான். என் வேலை ஒன்றே ஒன்று: என் போனால் திரையைப் பிடிப்பது. பிடித்தேன். கட்டைகள் அவர் சொல்லைக் கேட்டு வந்து உட்கார்ந்தன. நீட்டுக் கட்டை கேட்ட நேரமெல்லாம் வந்தது. எண் ஆறு லட்சத்தைத் தாண்டி ஓடியது. இருபத்தொன்பதாம் கட்டம் வந்தது, விரல்கள் உருளத் தொடங்கின. கடைசியில் அவர் கொன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்து, "பாரு" என்றார். ஆறு ஒன்பது. நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகுதான் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் திரை இருந்தது, முடிவில் ஆறு ஒன்பதும் இருந்தது. நடுவே நாலு நிமிடம், முழுக்க அவருடைய கை. பதினைந்து வருடம் அவருக்கு எதிரே இருந்து றபான் அடித்தவன் நான். எங்கள் குழுவில் முன்கைக்காரரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, விரலைப் பார்ப்போம், விரல் போன வழி போவோம். அன்று அந்த விரல்கள் உருண்டதும் என் கண் அங்கே போனது. கண் போன இடத்துக்குப் போனும் போயிருக்கிறது.

குழுவிலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது: கைகள் அற்புதம், ஆனால் திரை தெரியவில்லை, ஏற்க முடியாது.

மூன்று வாரம் அவர் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் வாரம் றபானோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "என்ட விரல பாத்து அடி. அது மட்டும்தானே உனக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் கூசிக்கொண்டே.

அதற்குப் பிறகும் எத்தனையோ வெள்ளி ஆடினார். மதிலைத் தாண்டுவார், ஆறு ஒன்பது மட்டும் வராது. அப்புறம் சீனி வருத்தம் விரல் நுனிக்கு ஏறியது. "தட்டுறது எனக்கே தெரியுதில்லடா" என்று ஒரு நாள் கொன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் றபானையும் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் ஏறாமல் போனது என்னால்தான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வபாத்தான மூன்றாம் நாள், வீட்டில் அவருக்காகக் கத்தம் ஓதி முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அவருடைய மூத்த மகள் வந்தாள். அவர் மனைவி, எங்கள் மதினி, கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் திரைக்குப் பின்னால் இருந்தார். "வாப்பா கேம் அடிச்ச வீடியோ உங்கள்ட்ட இரிக்காம், உம்மா கேக்குறா." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அழிக்கவும் மனம் வராமல், யாருக்கும் காட்டவும் முடியாமல் போன் மாற்றி போன் மாற்றிக் கொண்டு திரிந்த வீடியோ அது. எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே சத்தம் கேட்டது. முதலில் கேமின் இசை. பிறகு அந்தத் தட்டல், நாலு விரல், நாலு தட்டு. ஐஸ் கொக்கி கிழித்த தழும்போடு அந்தக் கை எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. முடிந்தது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து கேட்டது. மூன்றாவது தடவை நேராக நடுவிலிருந்தே தொடங்கினார்கள். உள்ளே யாரோ விம்மினார்கள், யாரோ சிரித்தார்கள்.

மகள் போனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே திரைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது.

"தம்பி, நீங்க டீவியப் புடிச்சிரிந்தா நாங்க இப்ப கட்டையத்தான் பாத்துக்கொண்டிரிப்பம்."

அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. என்னிடம் இருப்பது அந்த நாலு நிமிடம்தான். அதில் திரை தெரியாது.