மாட்டு முடிச்சு

அர்ஜுனன் எனக்குச் சகலை. மூத்தவளை நான் கட்டினேன், இளையவளை அவன் கட்டினான். இந்த ஒரு பந்தம் இல்லாவிட்டால் அவனைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; பேனா பிடித்தால் விரல் வலிக்கும். ஆனாலும் அவனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. முப்பத்தாறு வருஷமாக அவனை விடாமல் கவனித்துக்கொண்டு வருகிறேன். அவன் பெண்டாட்டிகூட அவனை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். தென்னேரியில் ஏரிக்குக் கீழே எட்டு ஏக்கர். என் அப்பன் விட்டுப்போனது முக்கால் ஏக்கரும் ஒரு கிழட்டு எருமையும்தான். மீதி ஏழேகால் ஏக்கர் இந்தக் கையால் வந்தது. எங்கள் ஊரில் முதல் போர்வெல் நான் போட்டது. முதல் டிராக்டர் நான் இறக்கியது. வைக்கோல் கட்டும் மெஷினில் முதல் புது மெஷினும் என்னுடையதுதான். பழைய மெஷினையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நாலு வருஷம் முன்னாலேயே அர்ஜுனன் ஒரு பழைய மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவன் முசரவாக்கத்துக்காரன். நிலம் என்று ஒரு சென்ட் இல்லை. பதினோரு வயதில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நாற்பது வயது வரைக்கும் தறிதான். உட்கார்ந்து கால் மிதிக்கத் தரையில் பள்ளம் இருக்குமே, அந்தத் தறிக்குழிக்குள்ளேயே அவன் காலம் போயிற்று. கல்யாணப் பந்தியில் நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லோரும் கேட்கும்படியாக, "எங்க பொன்னிக்கு வந்த மாப்ள இடுப்பு வரைக்கும் குழிக்குள்ள இருக்கிறவருபா" என்றேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு, "ஆமாண்ணா, பாதி ஆளுதான் வெளிய தெரியும். மீதிய பொன்னி வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கட்டும்" என்றான். பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. அன்றைக்கு என் வயிற்றில் பற்றியதுதான்.

தறி லீவு விடுகிற நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவன் கியாசுதீன் என்பவருடைய லேத் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம். வாலாஜாபாத் பக்கம் மூடிப்போன ஒரு பால் பண்ணையில், மழையில் நனைந்து கிடந்த ஒரு சிவப்பு டிராக்டரையும் ஒரு வைக்கோல் மெஷினையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கினான். டிராக்டர் எழுபத்தாறாம் வருஷத்தது. மெஷின் அதைவிடக் கிழம். அதன் வயிற்றுக்குள் ஒரு வேப்பங்கன்று முளைத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே போய்ப் பார்த்தேன்.

"சகல, இதுக்கு ஒரு மஞ்சத் துணி கட்டி வுடு. வெள்ளிக்கிழமையானா பொம்பளைங்க வந்து சுத்துவாங்க" என்றேன்.

"செய்யலாண்ணா. உண்டியல் சாவி நீங்க வச்சுக்குங்க" என்றான்.

இரண்டு வருஷம் நோண்டினார்கள். கிடைக்காத பாகத்தையெல்லாம் கியாசுதீன் லேத்தில் கடைந்து போட்டார். மூன்றாம் வருஷம் அது ஓடிற்று. ஓடினால் சும்மா ஓடவில்லை. இரும்புப் பல் வைக்கோலை வாரும், உள்ளே ஒரு உலக்கை 'தக்... தக்...' என்று இடித்துத் திணிக்கும், முழங்கை நீளத்தில் இரண்டு ஊசி கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலே வரும், தானே முடிச்சுப் போட்டு, செங்கல் மாதிரி சதுரக் கட்டாகப் பின்னால் தள்ளும்.

என் மெஷின் உருளையாகச் சுருட்டிப் போடும். அதுவும் நல்ல கட்டுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேட்டில் வைத்தால் உருண்டுகொண்டு போய் வாய்க்காலில் விழும். அர்ஜுனன் கட்டு வைத்த இடத்தில் உட்காரும். பெண்கள் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பார்கள். அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் அவனுக்குத்தான் முதலில் போன் செய்வார்கள். மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஓட்டை டிராக்டருக்கு மாலை போட்டு முசரவாக்கமே போட்டோ எடுத்துக்கொள்ளும். ஏசி வைத்த என் வண்டியோடு நின்று போட்டோ எடுக்க ஒருத்தன் வந்ததில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டில் ஜெயம்மாள் இருக்கிறாளே! மிக்ஸி நின்றால், "அர்ஜுனனுக்கு போன் போடு" என்பாள். மோட்டார் நின்றால் அர்ஜுனன். ஒரு தடவை எனக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டபோதும் அவன் பெயரைத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்கு என்மேல் போட்டியே கிடையாது. எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி, "சாப்ட்டீங்களாண்ணா?" என்பான். என்னைப் பார்த்து ஒரு நாளாவது அவன் வயிறு எரிந்திருந்தால் நான் அவனோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.

போன சித்திரையில் நவரைப் பட்டத்து நெல்லை அறுத்தேன். அறுப்பு மெஷின் எட்டு ஏக்கரிலும் வைக்கோலை வரிசையாகப் போட்டுவிட்டுப் போயிற்று. வீட்டில் ஒன்பது மாடு. வருஷம் முழுவதும் அவற்றின் வயிறு அந்த வைக்கோல்தான். காலையில் என் மெஷினை இறக்கினேன். பத்தாவது உருளைக்கே பேரிங் வெடித்தது. சாமான் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். அன்றைக்குச் சனி. செல்போனில் சாயங்காலம் மழை என்று காட்டிற்று. ஏரிக்கு மேலே அதற்குள் கறுத்துவிட்டது.

ஜெயம்மாள் களத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாயா, போன் போடறியா, நான் போடட்டுமா?"

"ஆளுங்கள வச்சுக் கையால கட்டிக்கலாம்."

"எட்டு ஏக்கராவயா? சாயங்காலத்துக்குள்ளயா? மாடுங்களாண்ட நீயே சொல்லிடு, இந்த வருஷம் பட்டினின்னு."

அவளே போன் போட்டாள். முசரவாக்கத்திலிருந்து தென்னேரிக்கு அந்தக் கிழட்டு வண்டி வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓட்டுகிற இடத்தில் அர்ஜுனன், மட்காட்டின்மேல் பொன்னி. பின்னால் உட்கார்ந்து கயிறு பார்க்கிற வேலை அவளுடையது. வந்ததும் நேராக மெஷினை வைக்கோல் வரிசைக்குள் விட்டான்.

'தக்... தக்...'

உள்ளதைச் சொல்கிறேன். ஐந்து ஏக்கரை அவன் முடித்ததை நான் வரப்பில் நின்று பார்த்தேன். ஒரு கட்டுகூடப் பிரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆறாவது ஏக்கரில் கயிறு தீரப் போயிற்று. என்னிடம் புதுச் சணல் உருண்டை பத்து இருந்தது. "கயிறு என்னுது, நான் போடறேன்" என்று எடுத்துக்கொண்டு போனேன். பழைய உருண்டையின் கடைசி நுனியையும் புதியதன் முதல் நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும்; பிறகு மெஷின் தானே இழுத்துக்கொள்ளும்.

அர்ஜுனன் இறங்கி வந்தான். "வுடுங்கண்ணா, பொன்னி போடுவா."

"ஏன், எனக்குக் கட்டத் தெரியாதா? அறுவது வருஷமா மாடு கட்டறவன்பா நானு."

"அதில்ல மாமா, இந்த முடிச்சு வேற மாதிரி..." என்றாள் பொன்னி.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து கட்டிக்கினு இருக்கறேன். தள்ளும்மா."

அர்ஜுனன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் போட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்து, மேலே இன்னொரு முடிச்சு. முரட்டுக் காளை இழுத்தாலும் அவிழாது. எங்கள் ஊரில் அப்படிக் கட்டுகிறவன் நான் ஒருத்தன்தான்.

ஆறாவது ஏக்கர் முடிகிற இடத்தில் 'டணார்' என்று ஒரு சத்தம். உலக்கை நின்றுவிட்டது.

வரப்பில் நின்ற நாலைந்து பேர், "பழசுபா, எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றார்கள். அர்ஜுனன் மெஷினுக்கு அடியில் படுத்தான். ஊசியின் காது சின்னது. என் முடிச்சு கோலிக்குண்டு மாதிரி அதில் போய் மாட்டிக்கொண்டது. கயிறு இறுகி, ஊசி வளைந்து, ஒரு போல்ட்டு தெறித்திருந்தது. அவன் கத்தியால் முடிச்சை அறுத்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு மட்டும் கேட்கும்படியாக, "இது எந்த மாட்டுக்குண்ணா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் பொன்னி அந்த நுனிகளை இணைத்தாள். ஒன்றை மடித்து, மற்றதை உள்ளே விட்டு, ஒரு இழுப்பு. தடவிப் பார்த்தால் விரலில் தட்டவேயில்லை. தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சாம் அது. முடிச்சு புழுவாக உப்பினால், இழை நுழைந்து வருகிற அச்சில் பட்டு மாட்டிக்கொள்ளுமாம். கயிறு சரியாகிவிட்டது. ஆனால் ஊசியை நிமிர்த்திப் போல்ட்டு மாற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு ஏக்கர் வைக்கோல் நனைந்து, இரண்டு நாளில் கறுத்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் வேல்முருகன் டீக்கடைக்குப் போனேன். என் மெஷின் சரியாகி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மாணிக்கவேலண்ணா, உங்க சகல ரெண்டு ஏக்கரா வைக்கோல ஊறப் போட்டுட்டாராமே?" என்றான் வேல்முருகன்.

"யாரு சொன்னது?"

"அவரேதான். ஞாயித்துக்கிழம கியாசுதீன் பாயாண்ட ஊசி தட்டிக்கினு மிஷின எடுக்க வர்றப்ப இங்க டீ குடிச்சாரு. 'மிஷினு மக்கர் பண்ணிடுச்சுபா, அண்ணனுக்குப் பெரிய நஷ்டம், என் தப்புதான்'னாரு. பாவம், ஒரு மாதிரியாதான் இருந்தாரு."

பெஞ்சில் இருந்த வேணுகோபால், "நான் நாளைக்கு அவரத்தான் வரச் சொல்லியிருந்தேன். வேணான்னுட்டேன். மழ நேரத்துல அந்த ஓட்டைய நம்ப முடியுமா? உங்க மிஷினயே அனுப்புங்கண்ணா" என்றான். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

பதின்மூன்று வருஷமாக நான் காதில் வாங்கத் தவித்த வார்த்தை. டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும். தென்னேரியில் அவன் தொழில் அன்றோடு முடிந்தது. முடிச்சு அவன் பையில் இருந்தது, அதை அவன் ஜென்மத்துக்கும் வெளியே எடுக்க மாட்டான்.

அங்கேதான் எனக்கு எரிந்தது. எடுக்க மாட்டான்! என் மானத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவான். எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி, "சாப்ட்டீங்களாண்ணா?" என்பான். ஒவ்வொரு தடவையும் நான் அவன் போட்ட பிச்சையில் நிற்பேன். நல்ல கட்டு அவனுடையது, ஜெயம்மாள் வாயில் வருகிற பேர் அவனுடையது, இனிமேல் பெருந்தன்மையும் அவனுடையதா? அதை நான் விட மாட்டேன்.

"மிஷினு மக்கர் பண்ணல" என்றேன். "முடிச்சு என்னுது. மாட்டுக்குப் போடற முடிச்ச போட்டுட்டேன். ஊசியில மாட்டிக்கிச்சு. பொன்னி வேணான்னு சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

 வேணுகோபால், "மிஷினுக்கு மூக்கணாங்கயிறு போட்டீங்களாண்ணா?" என்றான். டீக்கடை அதிர்ந்தது. கல்யாணப் பந்திச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அர்ஜுனன் மாதிரி உடனே ஒரு பதில் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆறின டீயைத்தான் குடிக்க முடிந்தது.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பேரும் அன்றைக்கே அர்ஜுனனைக் கூப்பிட்டார்கள். "பாத்தியா, அடுத்தவன் தப்ப தன்மேல போட்டுக்கினான்" என்று அவன் பேர் இன்னும் ஏறிற்று. எனக்கு ஊரில் 'மாட்டு முடிச்சு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அர்ஜுனன் போன் பண்ணி, "எதுக்குண்ணா சொன்னீங்க? நம்மளுக்குள்ள இருந்திருக்கும்ல" என்றான். நான் கட் பண்ணிவிட்டேன்.

ஜெயம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "இப்பனாச்சும் வயித்தெரிச்சல் அடங்கிச்சா?" என்று கேட்டாள்.

"ரசம் ஊத்து" என்றேன்.

ஆறு ஏக்கர் கட்டும் கொட்டகையில் கூரை வரைக்கும் சுவர் வைத்ததுபோல் நிற்கிறது. தினமும் காலையில் மாட்டுக்கு எடுக்கப் போகும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன், ஒரு கட்டாவது பிரிந்திருக்கிறதா என்று. ஆடி பிறந்துவிட்டது. இன்னும் ஒன்றுகூடப் பிரியவில்லை.