வாய் மூடிய கொக்கு

கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டால், அமிர்தவள்ளியின் சொந்தக்காரர்கள் குனிந்து தேடமாட்டார்கள். அவளைக் கூப்பிடுவார்கள். இருநூறு செருப்புகள் இறைந்து கிடந்தாலும் நின்ற இடத்திலிருந்தே, "ஒண்ணு அந்த ஸ்கூட்டராண்ட இருக்குது பாரு, இன்னொண்ணு ஜெனரேட்டருக்கு அடியில" என்று காட்டிவிடுவாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தேழு வருஷமாக அவளுக்கு ஜோடி சேர்க்கும் வேலை.

இதெல்லாம் ஒரு வேலையா என்று சிலருக்குத் தோன்றும். இடது காலும் வலது காலும் சேர்ந்தால் ஜோடி, இதற்குத் தனியாக ஒரு ஆள் எதற்கு? அப்படிக் கேட்டவர்களை அமிர்தவள்ளி மதிப்பதே இல்லை. ஒரே தோலில் வெட்டினாலும் முதுகுப் பக்கத்துத் துண்டுக்கும் வயிற்றுப் பக்கத்துத் துண்டுக்கும் நிறம் ஒரு நூல் மாறும், சுருக்கம் மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. காலில் போட்டுக்கொண்டு நடந்தால் மானம் போகும். அவள் மேஜையைத் தாண்டிப் போன எந்த ஜோடியும் எந்த நாட்டிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. எட்டாவதோடு படிப்பு நின்று, நூல் வெட்டும் பெண்ணாக உள்ளே நுழைந்தவள், ஜன்னலோர மேஜையைத் தன் கண்ணை வைத்தே சம்பாதித்தாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அப்பேர்ப்பட்ட கண்ணில் புரை விழுந்தது. வேலூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஷர்மிளா ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, ஒரு மாதம் கழித்து அமிர்தவள்ளி வேலைக்குத் திரும்பினாள். செக்‌ஷன் சூப்பர்வைசர் தபரேஸ் அவளைவிடப் பதினைந்து வயது சிறியவன், நல்ல பிள்ளை. தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, மேனேஜர் யோசிக்கிறாரு. இந்த ஜப்பான் ஆர்டர் வரைக்கும் நீங்க டேபிள்ல இருங்க. ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லக்கா."

பேக்கிங் என்றால் ஷூவுக்குள் காகிதம் திணிக்கும் வேலை. "அதுக்கு பேசாம வீட்ல இருந்துடும்மா" என்றாள் ஷர்மிளா. அன்று ராத்திரி அமிர்தவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

ஜப்பான் ஆர்டர் முந்நூறு ஜோடி. கறுப்பு ஷூ, அதன் மேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கொக்கு. அந்த நாட்டுப் பழைய வாள்களின் கைப்பிடியில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகச் சின்னச் சின்ன உலோகப் பறவைகளை வைத்துக் கட்டுவார்களாம். கொக்கு, காட்டு வாத்து, சிட்டுக்குருவி என்று விதவிதமாக இருக்குமாம். ஷூ வாங்குகிற ஒகாடா அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். தன்னிடமிருந்த ஒரு ஜோடிக் கொக்கைப் பித்தளையில் நகல் எடுக்கச் சொல்லி, பட்டறையிலிருந்து நேராகக் கம்பெனிக்கே அனுப்ப வைத்திருந்தார்.

மூட்டையைப் பிரித்த உடனேயே அமிர்தவள்ளி பிடித்துவிட்டாள். இடது காலுக்கான கொக்குகள் எல்லாம் அலகைத் திறந்திருந்தன. வலது காலுக்கானவை எல்லாம் மூடியிருந்தன. கடுகளவு இடைவெளிதான், தபரேஸுக்கு லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எது சரி என்று சாம்பிளை எடுத்துப் பார்த்தார்கள். ஷூ தொழிலில் சாம்பிளுக்கு ஒற்றைக் கால் செய்தால் போதும் என்பது வழக்கம். ஒகாடா சரியென்று சொன்ன சாம்பிள் இடது கால். அதில் கொக்கு வாயைத் திறந்திருந்தது.

"வலது அச்சு கோளாறு சார். அலகுல உலோகம் அடைச்சிக்குது. முந்நூறும் ரிஜெக்ட்" என்றாள் அமிர்தவள்ளி. தபரேஸ் கையெழுத்துப் போட்டான். பட்டறைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வாய் திறந்த வலது கொக்குகளைச் செய்து அனுப்பினார். எல்லாவற்றையும் ஷூவில் பொருத்தி, முந்நூறு ஜோடியையும் சேர்த்து முடித்தபோது, தன் மேஜை தனக்குத்தான் என்று அவள் மனசு சொன்னது.

புதன்கிழமை ஒகாடா நேரில் வந்தார். வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். சிரித்த முகத்தோடு ஒரு ஜோடியைக் கையில் எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். ஐந்தாவது ஜோடியில் அவர் சிரிப்பு காணாமல் போய்விட்டது. இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார். தபரேஸின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, ரெண்டும் ஏன் வாயத் தொறந்திருக்குதுன்னு கேக்குறாரு. ஒண்ணு மூடி இருக்கணுமாம். அவர்கிட்ட இருக்குற பழைய ஜோடி அப்டித்தானாம். ஒண்ணு மூச்ச விடுமாம், ஒண்ணு அடக்குமாம். அப்டி இருந்தாத்தான் ஜோடியாம்."

பின்னால் யாரோ, "கண்ணு ஆபரேஷன் ஆனவங்கள உக்கார வெச்சா இப்டித்தான்" என்று முணுமுணுத்தது அமிர்தவள்ளியின் காதில் விழுந்தது. சாம்பிள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். தபரேஸின் கையெழுத்தைக் காட்டியிருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"நான்தான் சார் வேணாம்னு தள்ளுனது" என்றாள். "எங்க தொழில்ல ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஜோடி. அதான் தப்புன்னு நெனச்சிட்டேன். அவர்கிட்ட சொல்லுங்க."

தபரேஸ் சொன்னான். அந்தப் பழைய முந்நூறு எங்கே என்று மட்டும் ஒகாடா கேட்டார்.

அங்கேதான் அமிர்தவள்ளிக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. தள்ளிய சாமான் வெளியே கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று மெயின்டனன்ஸ் மூர்த்தி எல்லாவற்றையும் சுத்தியலால் நசுக்கி, காயலான் கடைக்கு ஏற்றிவிடுவான். முதல் சனிக்கிழமை போய் நாலு நாள் ஆகிவிட்டது. கம்பெனி கோட்டோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்பக்கத்து ஷெட்டுக்கு ஓடினாள். ஐம்பதை நெருங்கும் பெண்மணி அப்படி ஓடி அந்தக் கம்பெனி பார்த்ததில்லை.

"மூர்த்தி! அந்தக் கொக்கு டப்பா... அடிச்சிட்டியா?"

டீ குடித்துக்கொண்டிருந்த மூர்த்தி பதறி எழுந்தான். "மன்னிச்சுக்கோக்கா. சனிக்கெழம குடும்பத்தோட சோளிங்கர் மலைக்குப் போய்ட்டேன். லீவு கூட சொல்லல. இதோ, இப்பவே அடிச்சிடுறேன்" என்று சுத்தியலை எடுத்தான்.

"கைய வெச்ச, தொலைச்சிடுவேன்!"

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கொக்குகூட நசுங்கவில்லை. மூச்சு இரைந்தது, சிரிப்பும் வந்தது. சோளிங்கர் மலைக்கோயில் தாயாரின் பெயரைத்தான் அவள் அப்பா அவளுக்கு வைத்திருந்தார். "என் பேர்க்காரி கைவிடல" என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மூர்த்தி தன்னைத் திட்டுகிறாளா வாழ்த்துகிறாளா என்று புரியாமல் சுத்தியலோடு நின்றான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கொக்கின் அடியில் வளைத்துவிடும் முள் இரண்டுதான். நிமிர்த்தி எடுத்துவிட்டு மூடிய வாய்க் கொக்கைக் குத்தினால் அதே துளையில் உட்கார்ந்துகொள்ளும். பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒகாடாவும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலு ஷூவுக்கு மாற்றினார். அதில் ஒன்று கோணல், அமிர்தவள்ளி வாங்கிச் சரிசெய்தாள்.

"ஒண்ணு பேசுனா இன்னொண்ணு வாய மூடிக்கினு இருக்கணும். எங்க வூட்லயும் அப்டித்தான் ஓடுதுன்னு அவருக்குச் சொல்லுங்க சார்" என்றாள். தபரேஸ் சொல்லி முடித்ததும் ஒகாடா தொடையைத் தட்டிச் சிரித்தார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் முந்நூறும் முடிந்தது. ஆனால் மேஜையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கம்ப்ளெயின்ட் கம்ப்ளெயின்ட்தானே.

சாயங்காலம் மேனேஜர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பேக்கிங்குக்குத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒகாடா ஒரு சின்னப் பட்டுத் துணியைப் பிரித்து, இரண்டு கொக்குகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். கருத்த உலோகம், தலையில் மட்டும் தங்கப் பொட்டு. முந்நூறுக்கும் மூலமான பழைய ஜோடி அதுதான். பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டவளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.

அமிர்தவள்ளி அவற்றை வெளிச்சத்துப் பக்கம் கொண்டுபோனாள். இதையும் அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், வாய் மட்டும் இல்ல, ரெக்கையும் வேற" என்றாள். "தொறந்த கொக்குக்குப் பதினொரு கோடு. மூடுன கொக்குக்குப் பன்னெண்டு. பட்டறைல ரெண்டுத்துக்கும் பதினொண்ணு போட்டுட்டாங்க."

தபரேஸ் பயந்துகொண்டேதான் அதைச் சொன்னான். ஒகாடா லென்ஸை எடுத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பதினாலு வருஷமாக அந்த ஜோடி அவரிடம் இருக்கிறது. அவருக்கே தெரியாத சங்கதி. பித்தளை நகலில் ஒரு கோடு குறைந்தால் பரவாயில்லை, ஷூ கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டு, எழுந்து நின்று அவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். மேனேஜரும் லென்ஸை வாங்கி எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் லென்ஸைக் கீழே வைத்துவிட்டுத் தபரேஸைப் பார்த்துச் சொன்னார்.

"பேக்கிங்குக்கு வேற ஆளப் பாருப்பா."

வெளியே வந்ததும் அமிர்தவள்ளி மகளுக்குப் போன் போட்டாள். "ஷர்மிளா, என் கண்ணு நல்லா இருக்குதுடி. நல்லாவே இருக்குது" என்றாள். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நடைபாதையில் நின்று ஓவென்று அழுதாள். ஆபரேஷன் ஆன கண்ணு, அழக்கூடாதும்மா என்று ஷர்மிளா அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளி கேட்கிற நிலையில் இல்லை.