ஆறவிட்ட டீ

எங்கள் அண்ணன் கோவர்த்தனன் ஆறிப்போன டீயைத் தொடமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தான். அண்ணி வெங்கடலட்சுமி கல்யாணமாகி நாராயணவனத்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, இஞ்சி எவ்வளவு தட்ட வேண்டும், பால் எப்போது ஊற்ற வேண்டும், டம்ளரைப் பிடித்தால் விரல் எப்படிச் சுட வேண்டும் என்று பாடமே எடுத்தேன். அப்போது எனக்கு இருபது வயது. வாய் அதிகம். இப்போதும் வாய் குறையவில்லை, கேட்க ஆள்தான் குறைந்துவிட்டது.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை. அண்ணன் அப்போது நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். காதடைக்கும் சத்தத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருபவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டீ கேட்பான். கொதிக்கக் கொதிக்க ஊதிக் குடிப்பான். அண்ணி நான் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அவள் சுபாவம் அப்படி.

பிறகு நூல் விலை தாறுமாறாக ஏறியது. கடைகளில் புதுப்புது கம்பெனிக் கலர் சோடா பாட்டில்கள் வந்து நின்ற அதே காலத்தில், அண்ணனின் முதலாளி எட்டுத் தறியில் ஐந்தைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஊரில் ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள். சிலர் மெட்ராஸ், சிலர் பெங்களூர். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, திருப்பதியில் ஒரு ஏஜென்டைப் பிடித்து, தொண்ணூற்றாறில் குவைத்துக்குப் போனான். ஒரு வசதியான வீட்டில் டிரைவர் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், வெளியே காத்திருக்க வேண்டும், கூட்டி வர வேண்டும். காத்திருப்பதுதான் வேலை, நடுவில் கொஞ்சம் வண்டி ஓட்டுவது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவு. பதின்மூன்று வருடத்தில் ஆறு முறை வந்தான். எல்லாம் சேர்த்தால் ஒன்பது மாதம். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம்தான் அண்ணி அவனோடு இருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது யார் நினைத்தது? அவன் வந்தால் நான் புத்தூரில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுவேன். அந்த நாற்பத்தைந்து நாளிலும் எனக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

முதல் லீவில் ஃப்ரிட்ஜ் வாங்கினான். எங்கள் தெருவில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். அண்ணி அதில் பூவையும் இட்லி மாவையும் பாதித் தேங்காயையும் வைத்தாள். ஐஸ் வைக்கும் தட்டில் மகள் காவ்யாவின் கண் மருந்து இருந்தது. ஒருநாள் அண்ணன், ஐஸ் இருக்கிறதா என்று கேட்டான். மழைக்காலத்தில் ஐஸ் எதற்கு, தொண்டை கட்டிக்கொள்ளும் என்று நான்தான் அதட்டினேன். சரி என்று விட்டுவிட்டான்.

டீயை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் புதுப் பழக்கமாகியிருந்தது. அண்ணி வந்து தொட்டுப் பார்ப்பாள். ஆறியிருந்தால் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவருவாள். ஒரு டீயை மூன்று முறை சூடு பண்ணிய நாளும் உண்டு. ஒரு தடவை அவன் டம்ளர் ஃப்ரிட்ஜுக்குள் பூப்பொட்டலத்தின் பக்கத்தில் இருந்தது. "பாரு சுமித்ரா, மறதியில டீய எங்க வெச்சிக்கிறாரு உங்கண்ணன்," என்று அண்ணி காட்டினாள். நான் தெருவுக்கே கேட்கச் சிரித்தேன். அவள் அதையும் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அண்ணன் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஊதி ஊதிக் குடித்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது, காரிலேயே மாரடைப்பு. உடல் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. மெட்ராஸ் ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம். நான் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பதைப் போல. அண்ணியும் அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தாங்களே அழுதுவிட்டுப் போனார்கள்.

எங்களில் ஒரு வழக்கம். காரியத்தன்று செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். அண்ணி ஏலக்காய் போட்டு டீ வைத்திருந்தாள். இஞ்சிதான் அவனுக்குப் பிடிக்கும் என்று நான் சண்டைக்குப் போனேன். கடைசி லீவில் ஏலக்காய் டீயைத்தான் நன்றாக இருக்கிறது என்றார் என்றாள் அவள். போட்டோவுக்கு முன்னால் நின்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். பங்காளிகள் சேர்ந்து இரண்டு டம்ளரையும் வைக்கச் சொன்னார்கள். கதவைத் திறந்தபோது இரண்டிலும் ஏடு கட்டியிருந்தது.

ஐந்து மாதம் கழித்து கங்கையா வந்தான். நாயுடுபேட்டைக்காரன். குவைத்தில் பக்கத்து வீட்டு டிரைவர், அண்ணனோடு ஒரே அறையில் பதினோரு வருடம் இருந்தவன். லீவில் வரும்போது அண்ணனின் சாமான்களைக் கொண்டுவந்திருந்தான். துணி, செருப்பு, ரேடியோ, சிவப்பு மூடி போட்ட பெரிய பிளாஸ்க் ஒன்று. அண்ணி இஞ்சி டீயைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தாள். கங்கையா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தெலுங்கும் தமிழும் கலந்து மெல்லப் பேச ஆரம்பித்தான்.

அங்கே போன முதல் வருடத்திலேயே அண்ணன் சூடான டீயை நிறுத்திவிட்டானாம். வெயில் ஐம்பதைத் தொடும் ஊர். அவன் டீ போடும் விதமே வேறு. பால் கிடையாது. தூளை அள்ளிப் போட்டு, இரண்டு தரம் பொங்கி அடங்கவிட்டு, கறுப்பாக வடிகட்டுவான். காய்ந்து கறுத்த எலுமிச்சை ஒன்றைத் துளை போட்டு அதில் போடுவான். கைநிறையச் சர்க்கரை. தானாக ஆறவிட்டு, பிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டு, அதன் மேல் ஊற்றுவான். கங்கையா புதினா போட வேண்டும் என்பான், சர்க்கரையைக் குறைக்கச் சொல்வான். இலை மிதந்தால் அது கஷாயம், இனிப்பு பல்லில் ஏறினால்தான் டீ என்று அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டானாம். காரில் செத்துக் கிடந்த அன்றும் அந்த பிளாஸ்க் பாதி நிறைந்திருந்ததாம்.

"ஊட்ல சொல்றதுக்கு இன்னா அன்னான்னு நான் எத்தினியோ வாட்டி கேட்டுக்கிறேம்மா," என்றான் கங்கையா. "'என் தங்கச்சி சொல்லிக் குடுத்துது, என் ஊட்டுக்காரி செய்யறா. நான் வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் சண்ட. இருக்கறதே நாப்பத்தஞ்சு நாளு. சூடாவே குடிச்சிட்டு வந்துட்றேன், வுடு'ன்னுவாரு."

அண்ணி பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை. நான் கங்கையாவின் முன்னாலிருந்த டம்ளரை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் போன பிறகு அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வருஷ தெவசத்துக்காவது அவருக்குப் புடிச்சத வெக்கணும்."

அதற்கு ஏழு மாதம் இருந்தது. நான் புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை போவேன். அண்ணி எனக்கு எதிரே டீ போடுவாள், நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியும். முதல் தடவை ஆறவைத்து ஐஸ் போட்ட பிறகு சர்க்கரை போட்டாள். எவ்வளவு கலக்கியும் அடியில் மணலாக நின்றது. குவைத்துக்குப் போன் போட்டு கங்கையாவைக் கேட்டாள். கொதிக்கும்போதே போட்டுவிட வேண்டுமாம். அடுத்த தடவை சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தாள். டீ கலங்கிப்போய்ச் சேற்றுத் தண்ணீர் போல இருந்தது. மறுபடி போன். தானாகத்தான் ஆற வேண்டுமாம்.

எலுமிச்சையில்தான் பெரிய தப்பு நடந்தது. சின்னக் காய்களாகப் பார்த்து வாங்கி மாடியில் காயவைத்தாள். மூன்று வாரம் கழித்துப் போட்டுப் பார்த்தால் டீ உப்புக் கரித்தது. ஊறுகாய் போடுகிற கை அல்லவா, எலுமிச்சையைக் கண்டதும் தானாக உப்பை அள்ளிப் புரட்டியிருக்கிறது. அவள் வாழ்க்கையில் எலுமிச்சையை வேறு எதற்குக் காயவைத்தாள்? அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் மறுபடி தொடங்கினாள். கோபமில்லை, சலிப்புமில்லை. துணி மடிப்பதைப் போலச் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் கைகூடிவிட்டது. கறுப்பாக, தெளிவாக, மண்வாசனையும் புளிப்புமாக ஒரு இனிப்பு. முதல் மடக்கு எனக்குச் சளி மருந்து போலத்தான் இருந்தது. மூன்றாவது மடக்கில் பிடித்துவிட்டது. பிடித்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை அவனோடு உட்கார்ந்து ஒரு தடவை குடித்திருக்கலாம், ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தெவசத்தன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீர். அண்ணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதின்மூன்று வருடம் தவறியது போதாதென்று இதுவும் தவறப்போகிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்து புத்தூர் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஒரு பாளத்தை மரத்தூளும் சாக்கும் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இடுப்புக்குக் கீழே புடவை முழுக்க நனைந்து, கால் மரத்துப் போயிருந்தது. ஆட்டோவிலிருந்தவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

அண்ணி ஐஸைக் கழுவி, துணியில் கட்டி, அம்மிக்குழவியால் தட்டினாள். டம்ளர் நிறையப் போட்டு டீயை ஊற்றினாள். இலையில் சோறு, கறிக்குழம்பு, வடைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். பெரியப்பா முறையாகும் வீராசாமி, இது என்ன கறுப்புத் தண்ணி என்று கேட்டார். கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தினோம். வெளியே வெயிலில் நின்றோம். வழக்கமாகப் பத்து நிமிஷம் நிற்போம். அன்றைக்கு அண்ணி கதவின் மேல் கை வைத்துக்கொண்டு திறக்கவே விடவில்லை. ஐஸ் உருகுமே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது, சொல்லவில்லை.

கடைசியில் அவளே திறந்தாள். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. டம்ளர் வேர்த்து, அடியில் இலை நனைந்திருந்தது. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள், எப்போதும் தொட்டுப் பார்ப்பாளே, அதே மாதிரி. போட்டோவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த வாட்டி நான் சூடு பண்ணலீங்க."

சொல்லிவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.