ஆறாவது ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்தில், நான் பேசிக்கொண்டிருந்தபோது மைக் நின்றுபோனது. நல்லவேளை!

நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். தலைப்பு — 'கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது?' அகர வரிசையில் லட்சம் பெயர்கள் இருந்தாலும் பதினேழே கேள்வியில் ஒரு பெயரைப் பிடித்துவிடும். பாதியாக்கு, வேண்டாத பாதியைத் தள்ளு, மறுபடி பாதியாக்கு... இவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொல்லாமல் நான் என்ன செய்தேன்? போர்டில் 'லாக்' என்கிற மடக்கைக் கணக்கைப் போட்டேன். முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். பின்வரிசை ஏற்கெனவே டீக்கடையில்.

அப்போதுதான் மைக் நின்றது.

நூலகத்தில் கரண்ட் இல்லை என்று எதிர் ரைஸ் மில்லிலிருந்து எட்டு ஒயர்களை ஒன்றோடொன்று செருகி இழுத்திருந்தார்கள். எங்கோ ஒன்றில் கோளாறு. "இத்தோட முடிச்சுக்கலாமா சார்?" என்று செயலாளர் காதோரம் கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

சவுண்ட் சர்வீஸ் பர்வீன் டெஸ்டரோடு எழுந்தார். கணவர் குவைத்தில், கடையை நடத்துவது இவர்தான். மில்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார் என்று நினைத்தேன். நேராக நடு இணைப்புக்குப் போனார். டெஸ்டர் எரிந்தது.

"அங்கிட்டு நாலும் நல்லாருக்கு. கோளாறு இங்கிட்டு நாலுலதான்."

அந்த நாலுக்கு நடுவே வைத்தார். எரியவில்லை.

"அப்ப அஞ்சு, இல்லேன்னா ஆறு."

அந்த இரண்டுக்கும் நடுவே வைத்தார். எரிந்தது.

"ஆறாவது ஒயரு!"

மூன்றே தடவை! வேறு ஒயரை மாட்டியதும் மைக் கொர்ரென்று உயிர்த்தது.

"ஏம்மா, ஒண்ணொண்ணாப் பாக்கல?"

"கல்யாண வீட்டுல நின்னு ஒண்ணொண்ணாப் பாத்தா அடிக்க வந்துருவாங்க சார்!"

மைக்கை அவர் கையில் கொடுத்தேன். "இப்பச் செஞ்சதை அப்படியே சொல்லுங்க."

கூச்சப்பட்டார்... ஆனால் சொன்னார். டீக்கடைக்குப் போனவர்கள் கிளாஸோடு திரும்பி வந்தார்கள்.

"பதினாறு ஒயரா இருந்தா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ வைக்கணும்க்கா. அம்புட்டுத்தான்."

நான் போர்டிலிருந்த 'லாக்'கை மெதுவாக அழித்தேன்.

பொருளாதாரமோ கணக்கோ கம்ப்யூட்டரோ — எழுத உட்கார்ந்தால் வாசகருக்குத் தெரியாததிலிருந்தே ஏன் தொடங்குகிறோம்? விஷயம் பல நேரம் அவர் கையிலேயே இருக்கிறது. பெயர்தான் தெரியாது.

கிளம்பும்போது பர்வீனிடம் சொன்னேன்: "நீங்க இன்னிக்குச் செஞ்சது சுத்தமான கணக்குங்க."

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பத்தாவதுல ரெண்டு வாட்டி பெயிலானேனே சார்... அப்ப அது என்ன கணக்கு?"