இரண்டு நீள ஹாரன்

எங்கள் கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான். ஓட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது பாதியில் பிரிந்து போவதாக இருந்தால், வண்டியை முன்னால் கொண்டுவந்து, முதல் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு நீள ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது? அதனால்தான் ஹாரன். அது கேட்டுவிட்டால் அவள் போய்விட்டாள், தேட வேண்டாம். ஹாரன் கேட்காமல் ஒருத்தியைக் காணவில்லை என்றால், மற்றவர்கள் திரும்பி வந்து தேடியே ஆக வேண்டும்.

கூட்டம் என்றதும் கொடி பிடித்துக்கொண்டு போகிற கூட்டமாக நினைத்துவிடாதீர்கள். மூன்றே பேர். முதலில் போவது கோட்டக்குப்பத்து அக்கா. அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊரில் சும்மா நிற்கும் புல்லட்டின் பேட்டரி இறங்கிவிடும், வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து வை என்று போனில் சொல்லியிருக்கிறார். அக்கா ஸ்டார்ட் செய்தார். அப்புறம் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தார். அப்புறம் திண்டிவனம் வரைக்கும் வந்துவிட்டார். நடுவில் வருகிறவள் காணைக்காரி, விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணை கிராமத்துப் பெண். நெல்லும் கரும்புமாகச் சொந்த நிலத்தில் பாடுபடும் வீடு. டிராக்டரையே ஒரு கையால் திருப்புகிறவளுக்குப் புல்லட்டெல்லாம் எம்மாத்திரம். கடைசி வண்டி என்னுடையது. திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போய்வருகிறவள் நான்.

அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு பெட்ரோல் பங்க்கில். வண்டி கிளம்பாமல் உதைத்து உதைத்து வேர்த்துப்போய் நின்றிருந்தார். சுற்றிலும் நாலைந்து ஆண்கள் இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார்கள். "ஸ்கூட்டி ஒண்ணு வாங்கிக்கக் கூடாதாம்மா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போய் நானும் சேர்ந்து உதைத்தேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஜல்தியா உன் வண்டிய எடு. இவுங்க மூஞ்சில கொஞ்சம் பொகைய அடிச்சிட்டுப் போவலாம்."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி அப்படித்தான் ஆரம்பித்தது. காணைக்காரி விழுப்புரம் சிக்னலில் எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தவள்.

நான் விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைச்சல் இல்லை. முகம் சுளிப்பவர்களும் இல்லை. ஆனால் நான் வந்தேனா இல்லையா என்று எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றாது. அக்கா பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க, எனக்கு முன்னால் போகும் ஒரு மனுஷி தன் கண்ணாடியில் என் முகப்பு விளக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பார். வாரத்தின் மற்ற நாட்களை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

தை மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த சமயம். பனமலை ஏரி வரைக்கும் போய்வருவதாகத் திட்டம். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்.

"விசா வந்துடுச்சிடி. அவரு அங்கியே வூடு பாத்துட்டாரு. புள்ளைங்களுக்கு ஸ்கூல் கூட பேசி முடிச்சாச்சி. அடுத்த மாசம் கெளம்புறேன்."

"சூப்பருக்கா! வரும்போது எனக்கு சென்ட்டு வாங்கினு வாங்க" என்றாள் காணைக்காரி. அவள் மனசு அப்படி.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டேன்.

"லீவுக்கு வருவேன்டி." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"போறவங்க எதுக்குக்கா எங்கள இழுத்துக்கினு சுத்துனீங்க? நான் பாட்டுக்கு செவனேன்னு இருந்தேனே. இனிமே எனக்கு வண்டியும் வாணாம், நீங்களும் வாணாம். இன்னியோட முடிஞ்சிது."

"ஏண்டி பேஜாரு பண்ற. வா, ஏரியப் பாத்துக்கினே பேசலாம்."

அன்று பேசியதைத் தப்பென்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கையாட்ட எனக்கு வராது. ஆனாலும் கிளம்பினேன். கடைசி வண்டியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே போனேன்.

விக்கிரவாண்டி தாண்டி மேற்கே திரும்பினால் நெடுஞ்சாலையின் இரைச்சல் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. வெட்டின கரும்பை ஏற்றிக்கொண்டு வயலிலிருந்து ஏறிய டிராக்டர்கள் ரோடு முழுக்கச் சேற்றை இழுத்துவிட்டிருந்தன. ஒரு வளைவில் அவர்கள் இரண்டு பேரும் திரும்பி மறைந்தார்கள். நானும் திரும்பினேன். பின்சக்கரம் மட்டும் திரும்பவில்லை.

விழுந்ததே தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ரோட்டுக்குக் கீழே பாசன வாய்க்காலில் கிடந்தேன். வண்டி என் வலது காலின் மேல் கிடந்தது. சைலன்சர் பேன்ட்டைத் தாண்டி ஆடுசதையைச் சுட்டது. காலை இழுத்தேன். வலி மண்டைக்குள் ஏறியது, கால் வரவில்லை. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. முகப்பு விளக்கு மட்டும் கரும்பைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

கை எட்டும் தூரத்தில் ஹாரன் பொத்தான் இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். எங்களுக்குள் ஹாரனுக்கு வேறு அர்த்தமே கிடையாது. இப்போது ஹாரன் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? டீக்கடையில் அத்தனை பேச்சு பேசியவள், முன்னால் வந்து முகத்தைக் காட்டக்கூடப் பிடிக்காமல் பின்னாலிருந்தே அடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். ஹாரன் அடித்தவளைத் தேட மாட்டார்கள். நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

காலில் வண்டி கிடக்கும்போது எவளாவது இப்படி யோசிப்பாளா என்று என் அண்ணி பிற்பாடு கேட்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

சற்று நேரத்தில் மேலே ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம். பின்னால் பால் கேன்கள் உரசிக்கொள்ளும் ஓசை. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. பால்காரர் போய்விட்டார். அவர் போனதைவிட, போன திசைதான் என்னைக் கலங்க அடித்தது. அவருடையதும் ஒற்றை விளக்குதான். அவர்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வார். அக்கா கண்ணாடியில் பார்ப்பார். விளக்கு தெரியும். நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போவார்.

அப்போது அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டே அழுதேன்.

அழுகைக்கு நடுவில் முதுகு சில்லிட்டது. எங்கேயோ வயலுக்குள் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் வரத் தேவையில்லை, கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே எடுத்துக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் முதுகுக்குக் கீழே, அப்புறம் தோள்வரைக்கும். ஹெல்மெட்டுக்குள் காதோரம் நீர் புகுந்தபோது எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இனி யார் என்ன நினைத்தால் என்ன என்று ஹாரனை எட்டி அழுத்தினேன். தொண்டையில் சளி கட்டிய மாதிரி கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் அழுத்தினேன். அதுவும் வரவில்லை. ஹாரன் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது.

தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கழுத்து நடுங்கியது. அந்த நேரத்தில் போன் அடித்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன், விழுந்த வேகத்தில் கழன்று, மேலே கரையில் எங்கேயோ கரும்புத் தோகைக்குள் போய் விழுந்திருந்தது. அக்காவுக்கென்று நான் தனியாக வைத்திருந்த மணி அது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை என்றால் கோபத்தில் எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான். அது அக்காவுக்கும் தெரியும். "வராதீங்கன்னு சொல்லலக்கா, என்னால எடுக்க முடியலக்கா" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை போன் அடிக்கவில்லை.

அந்த அமைதியில்தான் எல்லாம் முடிந்தது என்று முடிவுகட்டினேன். செத்துப்போவதைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு அக்காவின் வண்டிச் சத்தம் கேட்டது. அந்த சைலன்சரின் ஓட்டைச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நெருங்கி வந்தது, நின்றது. எஞ்சினை அணைத்தார்கள். கத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. மோட்டார் சத்தம் அதையும் விழுங்கியது. வண்டி மறுபடி கிளம்பியது. என்னைக் கடந்து போனது. ஐயோ, போகிறார்களே, போகிறார்களே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரத்தில் சத்தம் மறுபடி நின்றது.

போன் அடித்தது.

"தோ அடிக்குது பாருக்கா, கரும்புக்குள்ள!" காணைக்காரியின் குரல். அடுத்த நிமிஷம் அவள் ஹெல்மெட்டோடு வாய்க்காலில் குதித்தாள். டிராக்டர் திருப்பும் கைகள் வண்டியைப் பிடித்துத் தூக்கின. அக்கா என் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். "யா அல்லா, யா அல்லா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. ஒரு கரும்பு டிராக்டரை மறித்து என்னை ஏற்றினார்கள். ரோடு முழுக்கக் காணைக்காரி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள், அவர் பாவம் மெதுவாகத்தான் ஓட்டினார்.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். கண்விழித்தபோது அக்கா பக்கத்தில் இருந்தார். ஏரிக்கரையில் பால்காரர் அவர்களைத் தாண்டிப் போனபிறகுதான் பின்னால் நான் இல்லை என்று தெரிந்ததாம்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் காணைக்காரி, காலடியில் உட்கார்ந்துகொண்டு. "கோச்சிக்கினு வூட்டுக்குப் போயிருப்பா, உடுக்கா, போனும் எடுக்க மாட்றான்னேன். இவங்க கேக்கவே இல்ல."

"ஹாரன் கேக்கலியேடி" என்றார் அக்கா. "இவ சண்ட போடுவா, திட்டுவா. ஹாரன் அடிக்காம போவ மாட்டா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்து எடுத்த கதையை அப்போது சொல்லவில்லை. சொன்னால் அக்கா உடைந்துபோவார் என்று தோன்றியது.

அக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். புல்லட்டை வீட்டுக்காரரின் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். நான் மறுபடி எப்போது ஓட்டுவேன் என்று அக்கா கேட்கவில்லை. டாக்டரும் அதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. அக்கா மல்லாட்டை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார், ஒவ்வொரு வேர்க்கடலையாக உரித்து என் கையில் வைத்தார்.

"நாளைக்கு இந்த ரோட்லதான ஏர்போர்ட்டு போவீங்க?" என்றேன். அண்ணன் வீடு புதுச்சேரி ரோட்டிலேயே இருக்கிறது.

"ஆமாம்டி. வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?"

"வாணாம். நிறுத்தாதீங்க. ஹாரனும் அடிக்க வாணாங்க்கா."

அக்கா கையிலிருந்த தோலைக் கீழே போடாமல் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரிடி" என்றார்.

மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மேலே பெட்டிகள் கட்டிய கார் வந்தது. வீட்டுக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் ஒரு கை ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு கார் சென்னைப் பக்கம் போய் மறைந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஹாரன் கேட்கவில்லை. கேட்காவிட்டால் திரும்பிப் போய்த் தேட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் வாக்கரை ஒரு அடி முன்னால் வைத்தேன். "எங்க போற நீ?" என்று உள்ளிருந்து அண்ணி கேட்டார்.